இசையின் கணக்கைத் தேடிய பள்ளியாசிரியர்
ராவ் சாகிப் ஆபிரகாம் பண்டிதர் வாழ்க்கை வரலாறு

நமது கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், மலருக்கெனச் சான்றோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தனர். அண்ணல் அம்பேத்கரைப் பற்றியும், அயோத்திதாசப் பண்டிதரைப் பற்றியும், இரட்டைமலை சீனிவாசனாரைப் பற்றியும் எழுதுவதற்கு நம்மிடையே தக்கவர் பலர் உள்ளனர். ஆகவே நாம் வேறொரு துறையிலிருந்து ஒருவரைத் தேர்ந்துகொண்டோம். அவர் நமது சமுதாயத்தில் பிறந்தவர் அல்லர். எனினும் நமது இளைஞர்கள் அவரை அறிந்திருத்தல் வேண்டும் என்பது எமது துணிபு. அதற்குரிய காரணத்தை முதற்கண் கூறிவிடுகின்றோம்.

நமது கழகத்தின் மாலை வகுப்பில் பயின்ற இளைஞர் இருவர், இன்று காயல்பட்டினத்துக்கும் திருச்செந்தூருக்கும் அண்மையிலுள்ள ஆலயங்களில் ஞாயிறு ஆராதனையின்போது கீபோர்டு வாசித்து வருகின்றனர். அவர்களுள் ஒருவர் சென்ற ஆண்டு நமது படிப்பகத்திற்கு வந்து எம்மிடம் ஒன்று கேட்டார். தாம் வாசிப்பது வெள்ளையர் கொண்டுவந்த பெட்டி என்றும், அதில் தமிழ்ப் பாட்டு ஒட்டாது என்றும் சிலர் சொல்லுகின்றனராம். வேறு சிலரோ, இசை என்பது பரம்பரையாக வருவது, அது உன் குடும்பத்தில் ஏது என்று கேட்கின்றனராம். இவற்றிற்கு என்ன விடை சொல்வது என்பதே அவர் வினா.

அவ்வினா எம்மை நாற்பது ஆண்டுகளுக்கு முன் கொண்டு சென்றது. 1982-ஆம் ஆண்டு எமக்கு வயது பன்னிரண்டு. இக்கடற்கரைப் பகுதியின் ஆலயம் ஒன்றில் பழைய பியானோ ஒன்று இருந்தது. உப்புக் காற்றில் அதன் கம்பிகள் துருவேறிக் கிடந்தன. ஆராதனை முடிந்து யாவரும் வெளியே சென்ற பின், நாம் மெல்ல அருகே சென்று ஒரே ஒரு கட்டையை அழுத்தினோம். அதன் ஓசை ஆலயத்தின் கூரைவரை சென்றது. அங்கிருந்த பெரியவர் ஒருவர் எமது கையைப் பற்றி விலக்கி, இந்தக் கைக்குரிய கருவி வேறு என்றார். அவர் எதைக் குறிப்பிட்டார் என்பது எமக்கு அப்போதே புரிந்தது. அதன் பின் நாம் எந்த இசைக் கருவியின் முன்னும் அமர்ந்ததில்லை. இன்றும் எமக்கு ஒரு கருவியும் வாசிக்கத் தெரியாது.

அன்று எமக்குத் தெரியாதிருந்த ஒரு வரலாற்றை இன்று நமது இளைஞர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். அதுவே ஆபிரகாம் பண்டிதரின் வரலாறு.

பிறப்பும் கல்வியும்

ஆபிரகாம் பண்டிதர் 1859-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2-ஆம் நாள் பிறந்தார். அவர் பிறந்த ஊர் சாம்பவர் வடகரை. அன்று திருநெல்வேலிச் சீமையிலும் இன்று தென்காசி மாவட்டத்திலும் உள்ள சிற்றூர் அது. தந்தையார் முத்துசாமி, தாயார் அன்னம்மாள். கிறித்தவ நாடார் குடும்பம். சாம்பவர் என்னும் சொல் நமது மக்களுள் ஒரு பிரிவினரின் பெயராகவும் வழங்கி வருவதை நீங்கள் அறிவீர்கள். அப்பெயர் தாங்கிய ஊரிலிருந்து தமிழிசைக்கு ஒரு பேராசான் தோன்றினார் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

அக்காலத்தில் அவர் பிறந்த சமுதாயத்தின் நிலையையும் இங்குச் சொல்ல வேண்டும். நாடார் மக்கள் கோயிலுக்குள் நுழைய உரிமையற்றவர்களாக நடத்தப்பட்ட காலம் அது. கமுதிக் கோயிலில் அவர்கள் நுழைந்ததை எதிர்த்து 1897-இல் எழுந்த வழக்கு, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. இவையெல்லாம் பண்டிதர் உயிரோடிருந்த நாளில் நிகழ்ந்தவை. இத்தகைய பிறப்பினர் ஒருவர் சங்கீத சாத்திரம் பேசுவது அன்று எவ்வளவு பெருந்துணிவு என்பதை எண்ணிப் பாருங்கள்.

அவர் இசைப் பரம்பரையில் வந்தவர் அல்லர். அரசவையின் நிழலில் வளர்ந்தவரும் அல்லர். ஆசிரியப் பயிற்சி பெற்ற பள்ளியாசிரியர். திண்டுக்கல்லில் இருந்த ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியப் பணியும் ஆற்றினார். அங்கிருந்த நாளில் சடையாண்டிப் பட்டர் என்பாரிடம் பிடில் வாசிக்கக் கற்றார். மேனாட்டு இசையின் இலக்கணத்தையும் பின்னர்ப் பயின்றார். சித்த மருத்துவத்திலும் நாட்டம் கொண்டு சுருளி மலைப் பகுதிக்குச் சென்று, கருணானந்தர் என்னும் துறவியாரை அடைந்து, மருத்துவ முறைகளைக் கற்றுக்கொண்டார். அந்தக் குருவின் பெயரைத் தம் வாழ்நாள் முழுவதும் தம் செயல்கள் யாவற்றிற்கும் சூட்டினார். அவர் நூலின் பெயர் கருணாமிர்த சாகரம் என அமைந்ததும் இதனாலேயே.

தஞ்சை வாழ்வு

1882-இல் ஞானவடிவு பொன்னம்மாள் என்னும் அம்மையாரை மணந்தார். அவரும் ஆசிரியையே. மறு ஆண்டு இருவரும் தஞ்சாவூருக்குச் சென்று லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் பணியேற்றனர். அம்மையார் அப்பள்ளியின் தலைமையாசிரியையாக விளங்கினார். பெண்கள் எழுத்தறிவதே அரிதாயிருந்த அந்நாளில் கணவனும் மனைவியும் ஒருங்கே பெண் கல்விக்கு உழைத்தனர் என்பது பெருமைக்குரியது.

தஞ்சை, இசைக்குப் பெயர்பெற்ற நகரம். கிறித்தவத் தமிழிசைக்கும் அதுவே தாயகம். திருநெல்வேலியில் 1774-இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் தஞ்சையில் வாழ்ந்து, கீர்த்தனைகளையும் பெத்லகேம் குறவஞ்சி முதலிய நூல்களையும் இயற்றியவர். அவர் பாடல்கள் இன்றும் நமது ஆலயங்களில் ஒலிக்கின்றன. மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் என்பவர் 1853-இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். திண்டுக்கல் அந்த மிஷனின் நிலையங்களுள் ஒன்று. ஆகவே பண்டிதர் இளமையிலேயே கீர்த்தனை ஒலிக்கும் சூழலில் வளர்ந்தவர் எனலாம்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. அதே தஞ்சைத் திருச்சபையில் சாதி வேற்றுமை வேரூன்றியிருந்தது. ஆலயத்தில் நமது மக்கள் தனியே அமர்த்தப்பட்டனர். திருவிருந்துக் கிண்ணத்திலும் முன் பின் பார்க்கப்பட்டது. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி பாராட்டுதல் கூடாது என ஆணையிட்டபோது, மேல்சாதிக் கிறித்தவர் பலர் சபையை விட்டே விலகினர். வேதநாயக சாஸ்திரியாரும் சாதி வழக்கத்தை விட்டுக் கொடுக்க இசையாதவராகவே நின்றார். பாட்டு இனிமையானது என்பதால் பாடியவரின் பிழையை நாம் மறக்க வேண்டியதில்லை. பாடியவர் பிழை செய்தார் என்பதால் பாட்டை விட்டுவிடவும் வேண்டியதில்லை. இந்த ஆணை பிறந்து ஐம்பது ஆண்டுகள் கழித்தே பண்டிதர் தஞ்சையில் வந்து குடியேறினார்.

1890-ஐ ஒட்டி அவர் பள்ளிப் பணியைத் துறந்து முழுநேர மருத்துவரானார். பண்டிதர் என்னும் பெயர் மருத்துவத்தால் வந்ததே. அயோத்திதாசரும் மருத்துவத்தினாலேயே பண்டிதர் எனப்பட்டார் என்பதை ஒப்பிட்டுக் காண்க. அவருடைய கோரோசனை மாத்திரை இந்தியாவெங்கும் மட்டுமன்றிக் கடல் கடந்தும் விற்பனையாயிற்று. தஞ்சைக்கு அருகே பெரும் தோட்டம் ஒன்றை அமைத்துக் கரும்பும் மூலிகையும் பயிரிட்டார். 1909-இல் அரசு அவருக்கு ராவ் சாகிப் பட்டம் வழங்கியது.

பொருள் சேர்ந்ததும் பலர் ஓய்ந்திருப்பர். பண்டிதர் அந்தப் பொருளை இசை ஆராய்ச்சியில் செலவிடத் தொடங்கினார். தம் மாணாக்கருக்கும் மக்களுக்கும் இசை கற்பிக்கப் புகுந்தபோது, பயிற்சிப் பாடல்கள் பெரும்பாலும் தெலுங்கில் இருப்பதைக் கண்டார். பொருள் விளங்காத பாட்டைக் குழந்தை எவ்வாறு உணர்ந்து பாடும் என்பது ஆசிரியருக்கு இயல்பாக எழும் ஐயம். ஆகவே தமிழிலேயே கீதங்களும் கீர்த்தனைகளும் இயற்றி, 1907-இல் கருணாமிர்த சாகரத் திரட்டு என வெளியிட்டார். இறைவழிபாட்டுக்குரிய பாடல்களே இசைப் பயிற்சிக்கும் உரிய பாடங்களாக அதில் அமைந்தன.

பன்னிரண்டு வீடுகள்

அடுத்து அவர் எழுப்பிய வினாவே அவரை வரலாற்றில் நிறுத்தியது. ஒரு ச-வுக்கும் அதன் மேல் ச-வுக்கும் இடையே எத்தனைச் சுருதிகள் உள்ளன? அவை எந்த அளவில் பிரிக்கப்பட்டுள்ளன? பழைய வடநூல்கள் இருபத்திரண்டு என்றன. வித்துவான்கள் அதனை மறுபேச்சின்றி ஏற்றிருந்தனர். ஆனால் அந்த இருபத்திரண்டையும் வீணையில் வரிசையாகக் காட்டும்படி கேட்டால் ஒருவருக்கொருவர் மாறுபட்டனர். பண்டிதர் கணக்குப் பார்க்கத் தொடங்கினார்.

இளைஞர்கள் இக்கணக்கை எளிதாக அறியலாம். ஒரு கம்பியை மீட்டினால் ச ஒலிக்கின்றது என்று கொள்க. அதன் பாதி நீளத்தை மீட்டினால் மேல் ச ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்கை மீட்டினால் ப ஒலிக்கும். அதாவது ப-வின் அதிர்வு ச-வின் அதிர்வைப் போல் ஒன்றரை மடங்கு. இந்தப் ப-வை ச-வாகக் கொண்டு மீண்டும் ப எடுத்து, இப்படியே பன்னிரண்டு முறை சென்றால், ஏழு மண்டிலங்கள் கடந்து தொடங்கிய ச-வையே அடைய வேண்டும். ஆனால் கணக்கு சிறிது பிசகும். ஒன்றரையைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 129.75 வருகின்றது, இரண்டை ஏழு முறை பெருக்கினால் வருவதோ 128. இந்தச் சிறு மிகுதியை எங்கே வைப்பது என்பதுதான் உலகத்து இசையறிஞர் யாவரையும் அலைக்கழித்த சிக்கல்.

மேனாட்டார் இதற்குக் கண்ட வழி, அந்த மிகுதியைப் பன்னிரண்டு சுரங்களுக்கும் சமமாகப் பங்கிட்டுவிடுவது. ஒவ்வொரு சுரமும் தனக்குக் கீழுள்ள சுரத்தைப்போல் ஏறத்தாழ 1.0595 மடங்கு அதிரும். பன்னிரண்டு படிகள் ஏறினால் சரியாக இரண்டு மடங்கு ஆகிவிடும். இன்றைய பியானோ இம்முறையிலேயே சுருதி கூட்டப்படுகின்றது. ப மட்டும் ஒன்றரைக்குப் பதிலாக 1.4983 ஆகும். இவ்வளவு சிறிய வேறுபாட்டைப் பழகாத காது அறியாது.

பண்டிதர் கூறியது யாதெனில், ச-வுக்கும் மேல் ச-வுக்கும் இடையிலான இடத்தைச் சம அளவில் பன்னிரண்டாகப் பிரிக்கும் முறை தமிழருக்குப் புதிதன்று என்பதே. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் ஆயர்குலப் பெண்கள் எழுவர் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் பெயர் பெற்று வட்டமாக நிற்கின்றனர். அந்நூலின் பழைய உரைகள் இந்த ஏழையும் பன்னிரண்டு இராசி வீடுகளில் வைத்துக் காட்டுகின்றன. உ.வே. சாமிநாதையர் 1892-இல் சிலப்பதிகாரத்தை உரையுடன் அச்சேற்றியதனால் இச்செய்தி எல்லோர் கைக்கும் எட்டியது. பண்டிதர் அதனை ஆழ்ந்து பயின்று, ஆயப்பாலையில் பன்னிரண்டும், வட்டப்பாலையில் இருபத்துநான்கும், திரிகோணப்பாலையில் நாற்பத்தெட்டும், சதுரப்பாலையில் தொண்ணூற்றாறுமாக இசைநிலைகள் பிரிகின்றன என நிறுவ முயன்றார். இருபத்திரண்டு என்னும் கணக்கு வட்டத்தை நிறைவு செய்யாது என்பதே அவரது வாதம்.

மாநாடுகள்

தாம் கண்டதைத் தம் அறைக்குள் வைத்துக்கொள்ளாமல் பலர் முன்னிலையில் சோதித்துப் பார்க்க அவர் விரும்பினார். 1912-ஆம் ஆண்டு மே மாதம் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். 1916 வரை ஏழு மாநாடுகள் நடந்தன. வித்துவான்களையும் புலவர்களையும் தம் செலவிலேயே வரவழைத்தார். தம்மை மறுத்தோரையும் அழைத்து அவர்கள் கூறுவதைக் கேட்டார். சென்னை மியூசிக் அகாடமி 1928-இல் தோன்றியது. சென்னையில் தமிழ் இசைச் சங்கம் 1943-இல் தோன்றியது. இவற்றுக்கெல்லாம் முன்னரே, தனி மனிதர் ஒருவர், அதிலும் முன்னாள் பள்ளியாசிரியர் ஒருவர், இப்பணியைச் செய்தார் என்பதை உணர்தல் வேண்டும்.

1916-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பரோடாவில் அகில இந்திய இசை மாநாடு கூடியது. வடநாட்டு இசையறிஞர் பாத்கண்டே முன்னின்று நடத்திய மாநாடு அது. பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்குவாட் அதனைப் புரந்தார். பண்டிதர் அங்குச் சென்று தம் கணக்கை விளக்கினார். அவர் பேச்சோடு நில்லாமல், அவர் மக்கள் மரகதவல்லி அம்மாளும் கனகவல்லி அம்மாளும் வீணை மீட்டியும் பாடியும் அச்சுருதிகளைச் செயலில் காட்டினர். குடும்பப் பெண்கள் பொது மேடையில் பாடுவதை இழிவாகக் கருதிய காலம் அது. தந்தையார் தம் ஆராய்ச்சியின் சான்றாகத் தம் பெண்மக்களின் குரலையும் விரலையும் அறிஞர் சபைமுன் வைத்தார்.

பரோடா என்றவுடன் நமது உள்ளத்தில் வேறொரு நினைவும் எழுகின்றது. 1913-இல் அண்ணல் அம்பேத்கருக்கு உதவித்தொகை அளித்து அமெரிக்காவுக்கு அனுப்பியவர் இதே சயாஜிராவ் மன்னரே. 1917-இல் அண்ணல் அங்குப் பணியேற்கத் திரும்பி வந்தபோது, தங்குவதற்கு ஓர் அறைகூடக் கிடைக்காமல், விடுதியிலிருந்து விரட்டப்பட்டு, மரத்தடியில் அமர்ந்து கண்ணீர் வடித்தார். ஓராண்டுக்கு முன் தமிழ்நாட்டுக் கிறித்தவர் ஒருவரின் இசைக்குச் செவிசாய்த்த அதே நகரம், உலகப் புகழ் பெறவிருந்த நம் தலைவருக்குக் கதவடைத்தது. கலையை மதிக்கத் தெரிந்த ஊருக்கு மனிதரை மதிக்கத் தெரியவில்லை. கல்வியும் கலையும் தாமாகவே சாதியை ஒழித்துவிடும் என்று நாம் ஏமாந்துவிடலாகாது என்பதற்காகவே இதனைச் சேர்த்துக் கூறினோம்.

பெருநூலும் மறைவும்

அதே 1917-ஆம் ஆண்டில் கருணாமிர்த சாகரத்தின் முதற் புத்தகம் தஞ்சையில் அச்சாகி வெளிவந்தது. ஆயிரத்து முந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூல் அது. தஞ்சையில் தாம் நிறுவிய அச்சகத்தின் துணையுடன் அதனை வெளிக்கொணர்ந்தார். தமிழிசையின் தொன்மை, சுருதிக் கணக்கு, பிற அறிஞர் கொள்கைகளுக்கு மறுப்பு, மேனாட்டு முறையோடு ஒப்பீடு என யாவும் அதனுள் அடங்கியுள்ளன. பக்கம் பக்கமாக எண் அட்டவணைகள் நிறைந்திருக்கின்றன. பாட்டைப் பற்றிய நூலில் இவ்வளவு கணக்கா என்று வியப்போர் உண்டு. வாத்தியார் எழுதிய நூல் அவ்வாறுதான் இருக்கும் என்று நாம் மகிழ்கின்றோம்.

இரண்டாம் புத்தகத்தை எழுதிவந்த நிலையில், 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள் தமது அறுபதாம் அகவையில் பண்டிதர் மறைந்தார். எஞ்சிய பகுதியை அவர் மகள் மரகதவல்லி அம்மையார் 1946-இல் வெளியிட்டார். மகன் வரகுண பாண்டியன் 1950-இல் பாணர் கைவழி எனப்படும் யாழ்நூல் என்னும் நூலை வெளியிட்டார். பாணர் என்போர் யார்? சங்க காலத்தில் யாழ் மீட்டி வேந்தர் அவையில் வீற்றிருந்தவர்கள். துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நான்கு குடிகளையும் சிறப்பித்துக் கூறும் புறநானூற்றுப் பாடலும் உண்டு. பிற்காலத்திலோ பாணர் தீண்டத்தகாதார் எனத் தள்ளப்பட்டனர். பறை முழக்கியவரும் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். இசை உன் குடும்பத்தில் ஏது என்று கேட்பவர்க்கு விடை இங்கே இருக்கின்றது. இசை நம்மிடம் இல்லாமற் போகவில்லை. நம்மிடம் இருந்த இசைக்கு மதிப்பு மறுக்கப்பட்டது.

சீர்தூக்கிப் பார்த்தல்

ஒருவரைப் போற்றும்போது அவர் கூறிய அனைத்தையும் ஏற்கவேண்டும் என்பதில்லை. தமிழரின் இசை கடல்கொண்ட குமரி நாட்டில் தோன்றியது என்று பண்டிதர் நம்பினார். அவ்வாறு ஒரு பெருநிலப்பரப்பு கடலுள் மூழ்கியது என்பதை இன்றைய நிலவியல் ஏற்பதில்லை. அவருடைய இருபத்துநான்கு சுருதிக் கணக்கையும் எல்லா அறிஞரும் ஒப்பவில்லை. விபுலானந்த அடிகள் 1947-இல் வெளியிட்ட யாழ் நூலில் இருபத்திரண்டையே கொண்டு ஆராய்ந்தார். ஆலயத்துக்குள் நமது மக்கள் அடைந்த இழிவு பண்டிதரின் நூலால் நீங்கிவிடவும் இல்லை. பறை பல ஆண்டுகள் ஆலயத்திற்கு வெளியேதான் நின்றது. அதனை வழிபாட்டுக்குள் கொண்டுவரும் பணியைப் பிற்காலத்தில் மதுரை இறையியல் கல்லூரியின் தியாபிலஸ் அப்பாவு போன்றோர் செய்தனர்.

எனினும் பண்டிதரின் செயல்முறை என்றும் நிற்கும். பெரியோர் சொன்னார் என்பதற்காக ஏற்காமல் அளந்து பார்த்தார். மந்தணமாகக் காக்கப்பட்ட அறிவை அச்சிலே வெளியிட்டார். கற்றதைப் பெண்மக்களுக்கும் கற்பித்தார். ஈட்டிய பொருளைக் கல்விக்கே செலவிட்டார். இந்த நான்கும் நமது கழகத்திற்கும் உரிய நெறிகளே.

கட்டைகளின் முன் அமரும் இளைஞருக்கு

படிப்பகத்தில் எம்மிடம் வினா எழுப்பிய இளைஞருக்கு இனி விடை கூறுவோம். தம்பி, உன் முன்னே உள்ள கருவியில் ஏழு வெள்ளைக் கட்டைகளும் ஐந்து கருப்புக் கட்டைகளும் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஏழும் ஐந்தும் பன்னிரண்டு. மூன்று கருப்புக் கட்டைகள் உள்ள கூட்டமும், இரண்டு கருப்புக் கட்டைகள் உள்ள கூட்டமும் மாறி மாறி இருப்பதைக் காண்பாய். இரண்டு உள்ள கூட்டத்திற்கு இடப்பக்கத்தை ஒட்டிய வெள்ளைக் கட்டையை ச-வாகக் கொண்டு வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசித்தால் சங்கராபரணம் பிறக்கும். அதற்கு அடுத்த வெள்ளைக் கட்டையை ச-வாகக் கொண்டால் கரகரப்பிரியா. அதற்கடுத்தது தோடி. அதற்கடுத்தது கல்யாணி. பின்னர் அரிகாம்போதி. அதன் பின் நடபைரவி. கட்டைகள் மாறவில்லை, தொடங்கும் இடம் மட்டுமே மாறியது. இவ்வாறு நிலை மாற்றிப் பண் பிறப்பிப்பதைப் பழந்தமிழர் பண்ணுப் பெயர்த்தல் என்றனர். சிலம்பில் வட்டமாக நின்ற ஆயர் பெண்கள் காட்டியதும் இதுவே. பியானோவை 1700-ஐ ஒட்டி இத்தாலியில் கிறிஸ்தோபோரி என்னும் கைவினைஞர் செய்தார். பெட்டி அவருடையது. பன்னிரண்டு வீடுகள் உன் முன்னோருக்கும் தெரிந்தவை.

பெட்டியின் குறையையும் அறிந்துகொள். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்வதும், அசைத்து நிற்பதுமாகிய கமகம் இதில் வாராது. இக்குறை பற்றியே அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்தது. ஆகையால் பாமாலைப் பாடல்களுக்கு நான்கு குரல் இசைவு சேர்த்து வாசிப்பதைப் போலவே கீர்த்தனைக்கும் சேர்க்காதே. கீர்த்தனையில் பாட்டின் போக்கைத் தனி விரலால் தொடர்ந்து, கமகத்தைப் பாடுவோர் குரலுக்கே விட்டுவிடு. பாடத் தொடங்குமுன் ஒருமுறை மெட்டை வாசித்துக் காட்டு. வயலிலும் உப்பளத்திலும் உழைத்து வந்த பெண்களின் குரல் எட்டும் சுருதியைத் தெரிந்தெடு. ஜெபம் தொடங்கியதும் கையை எடுத்துவிடு. ஆராதனையில் வாசிப்பவன் தன்னைக் காட்ட வந்தவன் அல்லன். சபையைப் பாட வைக்க வந்தவன்.

இறுதியாக, கழக உறுப்பினர்களுக்கு ஒரு விண்ணப்பம். வெள்ளி விழாவின் நினைவாக மாலை வகுப்பிற்கு ஓர் ஆர்மோனியமும் ஒரு கீபோர்டும் வாங்கி வைப்போம். அவற்றின் அருகே ஒரு பறையும் இருக்கட்டும். கிறித்தவப் பிள்ளைகள், இந்துப் பிள்ளைகள், ஆண்கள், பெண்கள் என எவர் வந்தாலும் கற்பதற்கு ஓர் ஆசிரியரை அமர்த்துவோம். அதற்கென எமது ஒரு மாத ஊதியத்தை இம்மலரின் வாயிலாக அளிக்க முன்வருகின்றோம். வகுப்புத் தொடங்கும் நாளில் முதல் மாணவனாக வந்து அமரவும் எண்ணியுள்ளோம். பன்னிரண்டாம் வயதில் அழுத்திய அந்த ஒரு கட்டைக்கு அடுத்த கட்டை எது என்பதை இன்னும் நாம் அறிந்துகொள்ளவில்லை.

வாழ்க தமிழிசை! வளர்க நமது கல்விக் கழகம்!